சாய்ந்த சதுரம்

...நேராகத்தான் இருக்கிறது, குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கிறது, மேல் சட்டத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது, பக்கச் சட்டத்தில் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது, இடது படம் நேர், வலது படம் நேர், நடுவில் தொங்குகிற பெரியது நேரிலும் நேர், முப்பது வருடமாக இந்தக் கை மாட்டிய எதுவும் கோணியதில்லை, பிறகு ஏன் இந்தக் கூடம் இப்படிச் செத்துக் கிடக்கிறது... தூசியா, வெளிச்சமா, என் கண்ணா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. மணி பதினொன்றாகப் பத்து நிமிடம். பன்னிரண்டுக்கு மருமகள் வந்துவிடுவாள், தனியாக அல்ல, இந்த வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு, பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர், லேசில் எதையும் ஒப்புக்கொள்ளாத ரகம் என்று கேள்வி, ஏற்கெனவே இரண்டு பேர் அலங்கரித்துக் கொடுத்த இதே கூடத்தை "எனக்கு இதுல உக்காரத் தோணல" என்று ஒரே பேச்சில் திருப்பி அனுப்பியவர். மருமகள் தன் பெயரில் எடுத்துச் செய்கிற முதல் வீடு இது. ஆறு வருடம் யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பெயருக்கு வரைந்துகொண்டிருந்தவள், துணிந்து வெளியே வந்திருக்கிறாள், இது தேறினால் டாக்டருடைய மருத்துவமனைச் சுவர்களும் அவளுக்குத்தான், தேறாவிட்டால் பழைய நாற்காலிக்கே போயிடறேன் அத்தை என்று சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். கடை என் பெயரில் இருக்கிறது, என் வீட்டுக்காரர் இருந்தவரை மரம் அறுப்பது அவர், கண்ணாடி வெட்டுவதும் அட்டை வெட்டுவதும் போய் மாட்டுவதும் நான், அவர் போன பிறகு எல்லாமே நான். பையில் எது இல்லாவிட்டாலும் ரசமட்டம் இருக்கும், ஒரு சாண் நீளக் கட்டைக்குள் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி, அந்தக் குமிழி நடுவில் நின்றால் உலகம் நேர். என் மகன் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரே ரசமட்டம்தான், ரசமட்டம் வருது, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க என்று பள்ளிக்கூட நாளிலேயே கத்துவான், கழுதை. அதில் எனக்குக் கோபம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். வங்கிக்குப் போனால் அங்கே மாட்டியிருக்கிற நாட்காட்டியைத் திருத்தாமல் என்னால் வரிசையில் நிற்க முடியாது, பேருந்தில் முன்சீட்டுக்காரருடைய சட்டைக் காலர் மடங்கியிருந்தால் கை துறுதுறுக்கும், ஆஸ்பத்திரியில் ஒருதடவை எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சுவரில் இருந்த இதயத்தின் படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன், அந்த நர்ஸ், அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் இங்கே நுழைந்ததும் முதல் வேலையாக என்ன செய்தேன், தரைக் கம்பளம் கோணலாகக் கிடந்தது, சோபா கொண்டுவந்து இறக்கினவர்கள் இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள், குனிந்து நாலு மூலையையும் பிடித்து இழுத்து, சுவருக்கு இணையாகக் கத்தி வைத்து அறுத்தமாதிரி போட்டுவிட்டுத்தான் பையையே திறந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கெட்டிக்காரி. அவளிடம் இதை நான் சொன்னதில்லை, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், என் மருமகள் போட்டது என்று அவள் படத்தின் புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டுவேன், அவள் வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்துவிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள், நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ குளிர்நாடுகளில் சிலபேர் மரத்தையும் முகத்தையும் பழக்கூடையையும் வரைந்து வரைந்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, சதுரம், வட்டம், கோடு, நாலைந்து நிறம், இவ்வளவு போதும் என்று இறங்கினார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தரைக்கு ஓடு பதிக்கிறவன் தினமும் இதைத்தானே செய்கிறான் என்றேன். அவள் முகம் சுருங்கவில்லை, "சரியா சொன்னீங்க அத்தை, அவங்களும் அதத்தான் சொன்னாங்க" என்றாள். கேலி செய்தவளையே தன் கட்சியில் சேர்த்துக்கொண்டால் பிறகு நான் என்ன பேசுவது? அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அவள் மறந்துவிட்டுப் போனாள், இல்லை, இப்போது தோன்றுகிறது, மறக்கவில்லை, விட்டுவிட்டுப் போனாள், நான் யாரும் பார்க்காத நேரத்தில் புரட்டினேன், ஒரு பக்கத்தில் வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னச் சிவப்பு, அவ்வளவுதான், அடுப்பில் வைத்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பாத்திரம் கருகிவிட்டது.

சட்டம் போட்டுப் போட்டு எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், ஜனங்கள் சுவரில் மாட்டுவது எல்லாமே எதையாவது ஞாபகப்படுத்துகிறது, பட்டம் வாங்கியது, கல்யாணம் ஆனது, செத்துப்போனவர், போய்வந்த மலை, பிறந்த குழந்தை, ஒரு வீட்டுக் கூடத்தில் நின்றால் போதும், சுவர் நாலும் சேர்ந்து நம்மிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிடும், காது வலிக்கும். இவள் படம் எதையும் ஞாபகப்படுத்தாது. அதுதான் அதன் அழகு என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. வேலை முடிந்து களைத்து வருகிறவர் சோபாவில் விழுந்து நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒரு நிறம் இருக்கிறது, ஒரு கோடு இருக்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை, மனசுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தானே இருக்கிறது சூட்சுமம். அவள் ஒரு சுவருக்கு வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும், படம் வரைவதற்கு முன்பே அந்த அறைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள், காலையில் ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை, வெயில் எந்த வழியாக நுழைகிறது, கதவைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போய் மோதுகிறது, பிறகு பழுப்புக் காகிதத்தைப் படத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, எடுத்து, இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டி, மறுபடி எடுத்து... பிறகு வீட்டுக்கு வந்து நடையில் போட்டிருக்கிற அவளுடைய மேசையில், பகலிலும் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு, முதுகு வளைய உட்கார்ந்து வரைவாள். ஒரு சதுரத்துக்குச் சிவப்பு கலக்க ஒரு வாரம். இந்தக் கூடத்துக்கு அவள் கலந்தது சுட்ட செங்கல்லின் சிவப்பு, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மதில் தெரிகிறதே, அதைவிட ஒரு பிடி ஆழம், சோபாவின் சாம்பல் நிறம் அதற்குப் பக்கத்தில் வந்தால்தான் சாம்பலாகவே தெரிகிறது.

அப்படிப்பட்டவள் போட்ட படம் ஏன் பேசவில்லை... குடுவையில் கொண்டுவந்த தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தேன், உட்காரலாமா, டாக்டரே இன்னும் உட்காராத சோபா, பரவாயில்லை, விளிம்புதானே. இடது படத்தில் உயரம் உயரமாக மூன்று கறுப்புப் பட்டைகள், அவற்றின் காலடியில் சாம்பல் அரைவட்டம். வலது படத்தில் கடுகு நிறத்தில் ஒரு முக்கோணம், மூலையில் ஒரு பொடி நீலச் சதுரம். நடுப்படம்தான் ராணி, அந்தச் செங்கல் சிவப்புச் சதுரம், அதன் வலது கால்மாட்டைத் தொட்டும் தொடாமலும் ஒரு பெரிய மஞ்சள் வட்டம், சதுரத்தின் தலைக்கு மேலே அதற்கு இணையாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. எல்லாம் இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. சதுரம் சதுரமாக நிற்கிறது, வட்டம் வட்டமாகக் கிடக்கிறது, கடையில் விலைச்சீட்டு ஒட்டி அடுக்கி வைத்த சாமான் மாதிரி. போன மாதம் இதை நடையில் அவள் மேசைமேல் வெறும் தாளாகப் பார்த்தபோது அங்கிருந்து நகர மனசு வரவில்லையே, அது பொய்யா? அப்போது இருந்த எது இப்போது இல்லை? ஒருவேளை நிற்கும் விளக்கு இடம் மாறியிருக்கிறதோ என்று எழுந்து, அவள் ஜன்னல் மேடைமேல் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்த கூடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தேன், விளக்கு எங்கே என்று மட்டும் பார்க்கத்தான்.

இரண்டு தாள் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்திருந்தது. வெளியே இருந்ததில் போன புதன்கிழமைத் தேதி, உள்ளே இருந்ததில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. இரண்டிலும் அதே கூடம், அதே சோபா, அதே மூன்று படம், பெரிதாக ஒன்றும் வித்தியாசம் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பழைய தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். நடுப்படத்துக்குள் சதுரம் சாய்ந்திருந்தது. கை தவறின சாய்வு இல்லை, பக்கத்தில் பொடி எழுத்தில் பாகை போட்டு, அம்புக்குறி போட்டு, தலைமேல் இருக்கிற கோடும் அதே அளவு சாய்ந்து, இரண்டும் சேர்ந்து வட்டத்தின் பக்கம் சரிந்து... எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசும்போது நாம் தலையைச் சாய்த்துக் காது கொடுப்போமே, அப்படி. புதன்கிழமைத் தாளில் சதுரம் நேராக இருந்தது. நான் மாட்டியிருக்கிற மாதிரியே, நேரிலும் நேர். மூடியில் இருந்த தேநீர் ஆறிப்போனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை. திங்கட்கிழமைதான் நான் அதற்குச் சட்டம் போட்டேன். தாளை மேசையில் விரித்து, நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்தபோது கோணல் கண்ணில் பட்டது, சதுரத்தின் மேல்விளிம்பு இடது பக்கம் ஓர் அங்குலம் தூக்கல். அடடா, தாளை வெட்டும்போது பிசகிவிட்டாள், சின்னப் பெண், முதல் வேலை, பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன், எவ்வளவு பிரியத்தோடு நினைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும். சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டிருந்தாள், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, தாளை அடியில் லேசாகத் திருப்பி, சதுரத்தின் விளிம்பும் அட்டையின் விளிம்பும் இணையாக வரும்படி நிறுத்தி, டேப் ஒட்டி, பின்பலகை வைத்து ஆணி அடித்து மூடிவிட்டேன். யாரும் சொல்லாமல் ஒரு தவற்றைத் திருத்திக் கொடுத்த திருப்தி. செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்து பார்த்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, தோளிலிருந்து பையை இறக்கக்கூட இல்லை, அப்படியே நின்று பார்த்தாள், "இது நீங்களே போட்டதா அத்தை?" என்று கேட்டாள், "பின்ன வேற யாரு போடுவா?" என்றேன், குனிந்து சட்டத்தின் மூலையை விரலால் தடவி, "மூலை ரொம்ப சுத்தமா சேந்திருக்கு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூலையைப் பற்றித்தான் சொன்னாள். படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இந்த நிமிடம்தான் எனக்கு உறைக்கிறது.

சொல்லியிருக்கலாமே. பாவி, ஒரு வார்த்தை, அத்தை அது சாயணும் என்று ஒரு வார்த்தை, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்... புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் அவள் நடையில் உட்கார்ந்து அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள், முதல் வீடு பாரு, அதான் நிலைகொள்ளவில்லை என்று வெளியூரில் இருக்கிற மகனிடம் தொலைபேசியில் சொன்னேன், பெரிய மனசோடு சிரித்தேன். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இதோ தாளில் இருக்கிறது. படத்திலிருந்து தொலைந்துபோன சாய்வை அறைக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறாள். விளக்கைச் சுவரோரத்திலிருந்து பிடுங்கி முன்னால் நகர்த்தியிருக்கிறாள், ஒற்றை நாற்காலியை ஓரமாக ஒதுக்கியிருக்கிறாள், அப்புறம் கம்பளம்... கம்பளத்தைச் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்த்துப் போட்டிருக்கிறாள், பாகை எழுதி, அதே பாகை, சதுரம் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அதே அளவு, தரையிலிருந்து ஒரு சாய்வு எழும்பிப் போய்ச் சுவரில் இருக்கிற நேரான சதுரத்தை அசைக்கட்டும் என்று. மாமியார் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஒரு கூடத்தையே திருப்பிப் போட்டிருக்கிறாள். என்ன மூளை இவளுக்கு, என்ன பொறுமை. அந்தக் கம்பளத்தைத்தான் நான் காலையில் வந்ததும் வராததுமாக நாலு மூலையும் பிடித்து நேராக்கினேன். முதலில் படத்தைக் கொன்றேன், அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் வந்து அதையும் கொன்றேன். ரசமட்டம், நல்ல பேர்தான் வைத்தான் என் மகன்.

கம்பளத்தைப் பழையபடி சாய்த்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது, அரை நிமிட வேலை. குனிந்து மூலையைப் பிடித்தும்விட்டேன். ஆனால் பழைய தாள் மேடைமேல் விரிந்து கிடந்தது, அதைப் பார்த்தபிறகு இதில் மனசு நிற்கவில்லை, கம்பளம் சமாளிப்பு, சாய்ந்த சதுரம்தான் அவள். பையில் டேப் இருக்கிறது, கத்தி இருக்கிறது, சின்னச் சுத்தி இருக்கிறது, ஐம்பது நிமிடம் இருக்கிறது. அப்புறம் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது, திங்கட்கிழமை கேட்காமல் திருத்தினேன், காலையில் கேட்காமல் திருத்தினேன், இப்போது மூன்றாவது தடவையும் கேட்காமலே கையை வைப்பதா? கைப்பேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள், பின்னால் வண்டிச் சத்தம், "சொல்லுங்க அத்தை, டாக்டர்கூட வண்டில வந்துட்டிருக்கேன், ஸ்பீக்கர்ல இருக்கு" என்றாள், பதவிசாக என் வாயைக் கட்டினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, இங்க ரெண்டு தாள் இருக்கு. பழசா, புதுசா?" என்றேன். ஏதோ சிக்னலில் வண்டி நிற்பது கேட்டது. பிறகு அவள், "உங்களுக்கு எது சரின்னு படுதோ, அத்தை" என்றாள். இந்த நாலு வருடத்தில் இதை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், சமையலறை அலமாரி, வாசல் விரிப்பு, திரைச்சீலை, மகன் வரும்போது யார் ஸ்டேஷனுக்குப் போவது, எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம், இதே குரல், என்ன மரியாதை தெரிந்த பெண் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அதே வாக்கியம். இன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. மூடின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

படத்தை இறக்கினேன், குழந்தையை இடுப்பில் இடுக்குவது மாதிரி இடுக்கிக்கொண்டு வந்து கம்பளத்தின்மேல் கவிழ்த்தேன். பின்பக்கத்து ஒட்டுக்காகிதத்தைக் கத்தியால் சீவி, ஆணி ஒவ்வொன்றாகக் கிளப்பி, பலகையை எடுத்தால் தாளின் முதுகு, அதில் அவள் கைப்பட "மேல்" என்று எழுதி ஓர் அம்பு, அம்பு தாளின் விளிம்புக்கு நேர், நான் திருப்பி ஒட்டியதால்தான் சட்டத்துக்குள் சாய்ந்திருந்தது. அதாவது என் மேசையில் அன்றைக்கு இந்தத் தாளைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும், நான் புரட்டவில்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. என் கையால் ஒட்டின டேப்பை என் கையாலேயே பிரிப்பது இதுதான் முதல் தடவை, எவ்வளவு அழுத்தி ஒட்டியிருக்கிறேன், மகராசி, கிழிந்துவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக இழுத்தேன். பிறகு திருப்ப வேண்டும். எவ்வளவு? தாளின் விளிம்பும் அட்டையின் விளிம்பும் இணையாக வந்தால் போதும், அவள்தான் ஒழுங்காக வெட்டியிருக்கிறாளே, பிசகவே இல்லை. ஆனாலும் என் விரல் நடுவழியில் நின்றது, சதுரம் சாயச் சாய உடம்பில் ஏதோ கூசியது, இந்த வயதில் தெரிந்தே கோணலாக ஒன்றை ஒட்டுவது என்றால் சும்மாவா, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினேன் என்று சொன்னால் பொய், ஒரு கண்ணைத்தான் மூடினேன். மூடி, ஆணி அடித்து, தூக்கிக் கொக்கியில் மாட்டி, விளக்கையும் நாற்காலியையும் பழைய தாளில் இருக்கிற இடத்துக்கே நகர்த்திவிட்டு, கதவருகில் போய் நின்று திரும்பினேன்.

அம்மாடி. அந்தச் சதுரம் சாய்ந்ததும் வட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. இப்போது அது சும்மா கிடக்கவில்லை, தாங்குகிறது, அல்லது உருள நினைத்து உருளாமல் நிற்கிறது. இடது பக்கத்துக் கறுப்புப் பட்டைகள் எட்டிப் பார்க்கின்றன. அந்த மூலைப் பொடி நீலம், நான் கவனிக்கவே இல்லையே, சதுரம் சாய்கிற வழியில் கோடு இழுத்துக்கொண்டே போனால் நேராக அதில் போய் முடிகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து குறி வைத்திருக்கிறாள். ஜன்னல் நேர், சோபா நேர், கம்பளம் நேர், கதவு நேர், சட்டம்கூட நேர், அத்தனை நேருக்கும் நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் மற்றதெல்லாம் நேர் என்றே தெரிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது, யாரும் இல்லை என்பதால் துடைத்துக்கொள்ளவில்லை. நான் முப்பது வருடமாக நேராக்கி நேராக்கி மாட்டிய எந்தச் சுவரும் இப்படி மூச்சு விட்டதில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீழே வண்டி நின்றது. டாக்டர் முன்னால் வந்தார், ஒல்லியான அம்மாள், தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார், வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்து, "நடுப்படம் கோணலா இருக்கே?" என்றார். மருமகள் அவருக்குப் பின்னால் இருந்தாள், அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிச்சல் இல்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அந்தச் சட்டத்தின் மேல் வைத்தேன், குமிழி ஓடிப்போய் நடுவில் நின்றது. "சட்டம் நேராத்தாம்மா இருக்கு. உள்ள இருக்கறது சாயணும். அது அப்படித்தான்" என்றேன், என் குரலா அது என்று எனக்கே இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், குமிழியைப் பார்த்தார், சதுரத்தைப் பார்த்தார், கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். கைப்பை மடியிலேயே இருந்தது, அதை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, தன் வீட்டிலேயே அனுமதி கேட்கிற மாதிரி, "நான் இங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?" என்றார். அப்போதுதான் மருமகளின் பக்கம் திரும்பினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள், "கம்பளத்த எப்ப அத்தை நேராக்கினீங்க?" என்று காதோடு கேட்டாள். "வந்த உடனே" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், அடக்க முடியாமல் தோள் குலுங்கியது, இது நான் நம்புகிற சிரிப்பு.

ஜன்னல் வழியாக வெயில் சரிந்து வந்து அவள் கை வரைக்கும் விழுந்திருந்தது, வண்ணம் கலந்து கலந்து கறை பிடித்த விரல்கள், நல்ல வெளிச்சத்தில் அவற்றை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது, ஏன் பார்த்ததில்லை... வீட்டில் எப்போதும் குழல்விளக்கில்தான், அந்த நடையில், குளியலறைக்குப் போகிற வழியில். அவளுடைய மேசை முதலில் அங்கே இல்லை. வந்த புதிதில் கூடத்து ஜன்னலோரம் போட்டிருந்தாள், வெளிச்சம் கைமேல் விழ வேண்டும் என்று ஜன்னலுக்குக் குறுக்காகச் சாய்த்து, நான் தினமும் பெருக்கும்போது அதைச் சுவரோடு சேர்த்து நேராகத் தள்ளி வைப்பேன், அவள் வந்து மறுபடி சாய்ப்பாள், நான் மறுபடி தள்ளுவேன், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை, ஒரு மாதம் போனபிறகு ஒருநாள் அவளே அதை நடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், ஏன் என்று கேட்டதற்கு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அத்தை என்று சொன்னாளா, இங்கயே வசதியா இருக்கு என்று சொன்னாளா, ஞாபகம் இல்லை. நடையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மின்விசிறிகூட இல்லை என்பது தெரியாதா? இன்றைக்கே போய் மேசையை ஜன்னலோரம் தூக்கிப் போட்டுவிடலாம், ஆனால் அதுவும் நானாகச் செய்கிற திருத்தம்தானே, அவளைத்தான் கேட்க வேண்டும், கேட்டால் என்ன சொல்வாள் என்றும் தெரியும். டாக்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை, மருமகள் அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள், நான் ரசமட்டத்தைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன், எப்படிக் கேட்டால் அவள் அந்தப் பதிலைச் சொல்லாமல் இருப்பாள்...